நல்ல மனுஷன், ஆனா...

மலேசியத் தமிழர்களிடம் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். முதலாவது, "ரொம்ப நல்ல மனுஷன்." அடுத்தது, "ஆனா அரசியலுக்கு லாயக்கில்ல." கோப்பிக்கடை, கல்யாண விருந்து, வாட்சப் குழு, நூல் வெளியீடு முடிந்து எல்லாரும் தட்டில் மீகூனோடு நிற்கும் நேரம், எங்கே கேட்டாலும் இதேதான்.

இந்தக் கட்டுரை அந்த முதல் வாக்கியத்துக்கு எதிரானது. இரண்டாவது வாக்கியம் ஒரு கருத்து, அதை எதிர்த்து வாதாட முடியும். முதலாவதை எதிர்த்து யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒருவரை நல்லவர் என்று சொல்லிவிட்டால் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும் வேலை நமக்கு மிச்சம். பொன்னாடையைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஜெயக்குமாருக்கு இருபது வருஷமாக நாம் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயக்குமார் பேராக்கில் நெஞ்சுநோய் நிபுணராக வேலை செய்தவர். ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டில் தோட்ட மக்களோடு வேலை செய்த 'அலைகள்' அமைப்பை வளர்த்தவர்களில் ஒருவர். அலைகளும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 1998இல் மலேசிய சோசலிசக் கட்சியைத் தொடங்கின. பதிவுக்கு அலையாய் அலைந்து 10 ஆண்டு கழித்து, 2008இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை தேர்தலில் நிற்க அடுத்த கட்சியின் சின்னத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1999, 2004 இரண்டு தேர்தலிலும் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவிடம் தோற்றார். 2008 மார்ச் மாதம், 1974 முதல் 34 ஆண்டு அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த அதே சாமிவேலுவை 1,821 வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தினார். 2013இல் மறுபடி ஜெயித்தார். 2018இல் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று 1,505 வாக்கு வாங்கி வைப்புத்தொகையை இழந்தார்.

2008இல் 16,000க்கு மேல் வாக்கு வாங்கியபோதும் அவர் நல்ல மனுஷன்தான். 1,505 வாங்கியபோதும் அதே நல்ல மனுஷன்தான். அப்படியென்றால் நல்லவராக இருப்பது எந்தத் தேர்தலையும் தீர்மானிக்கவில்லை என்று ஆகிறது. பின் ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம்?

எனக்குத் தெரிந்த காரணம் இது. 'ஏழைகளுக்கு இரங்கிய கிராமத்து டாக்டர்' என்பது நமக்கு ரொம்பப் பிடித்த கதை. தமிழ்ப் படத்திலும் வரும், பள்ளிப் பரிசளிப்பு விழாவிலும் வரும். இந்தக் கதையில் டாக்டர் கொடுக்கிறவர், மக்கள் வாங்கிக்கொள்கிறவர்கள். தீபாவளிக்கு அரிசி மூட்டை, ஜனவரியில் பள்ளிப் பை, கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். அரசியல்வாதி என்றாலும் நாம் இதே கணக்கைத்தான் போடுகிறோம். 'என்ன கொடுத்தார்?' ஜெயக்குமாரை இந்தக் கதைக்குள் உட்கார வைத்தால் அவர் ஓர் அப்பாவிக் கொடையாளி. அவர் பேசும் சம்பளம், வீட்டு நிலம், தனியார்மயம் எல்லாம் கதைக்கு வெளியே போய்விடும்.

ஆனால் நெஞ்சுநோய் டாக்டர் ஒருவர் அரசியலுக்கு வருவதற்கு இரக்கம் தேவையே இல்லை. தன் தொழிலைச் சரியாகச் செய்தாலே போதும். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து இருக்கிறது, குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும். அந்த நோயாளி திரும்பிப் போகும் இடம் எது? காற்று புகாத அறை, அதில் ஏழெட்டுப் பேர், லீவு போட்டால் வெட்டப்படும் நாள்கூலி. அங்கேயிருந்து அடுத்த நோயாளி கிளம்பி வருவார். நான் பொறியாளன், இதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒரு மோட்டார் வாரம் ஒருமுறை ஃபியூஸை எரிக்கிறது என்றால் புது ஃபியூஸ் போட்டுக்கொண்டே இருப்பவனை யாரும் நல்ல டெக்னீஷியன் என்று சொல்ல மாட்டார்கள். எங்கே ஷார்ட் ஆகிறது, எங்கே லோட் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். மருத்துவத்தில் மட்டும் ஃபியூஸ் மாற்றுகிறவரைத் தெய்வம் என்கிறோம். வயரிங்கைத் திறந்து பார்க்கிறவரை 'இவருக்கு எதுக்கு அரசியல்' என்கிறோம்.

இது சுங்கை சிப்புட்டில் முளைத்த யோசனையும் இல்லை. 1848இல் பிரஷ்ய அரசாங்கம் ருடால்ஃப் விர்கோ என்ற இளம் டாக்டரை மேல் சிலேசியாவுக்கு அனுப்பியது. அங்கே டைஃபஸ் காய்ச்சல். போய்ப் பார்த்தவர் எழுதிய அறிக்கையில் மருந்துச் சீட்டைவிட, அந்த மக்களுக்குக் கல்வி, தங்கள் மொழி, நியாயமான வரி, தங்களைத் தாங்களே ஆளும் உரிமை வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. அனுப்பியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் பிற்பாடு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து பிஸ்மார்க்கோடு மோதினார். நோய்க்குறியியலின் தந்தைகளில் ஒருவர் என்று இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைப் படிக்கிறார்கள். அந்த அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

சரி, டாக்டர் என்றாலே மக்களின் பக்கம் நிற்பவர் என்று நினைத்தால் அதுவும் தப்பு. நம் நாட்டிலேயே இன்னொரு கிராமப்புற டாக்டர் இருக்கிறார். சிங்கப்பூரில் மருத்துவம் படித்து, 1957இல் அலோர் ஸ்டாரில் சொந்தக் கிளினிக் திறந்து, கெடா விவசாயிகளுக்கு வைத்தியம் பார்த்து, 'டாக்டர் அம்னோ' என்று பெயர் வாங்கி, 1964இல் நாடாளுமன்றம் போனவர். மகாதீர். அவரும் தன் நோயாளிகளின் வறுமையைப் பார்த்தார். பார்த்துவிட்டு 1970இல் 'மலாய் டிலம்மா' எழுதினார். மலாய்க்காரர்கள் பின்தங்கியதற்கு அதில் அவர் சொன்ன காரணங்களில் பரம்பரையும் உண்டு, சூழலும் உண்டு. இனத்துக்கு அரசு கொடுக்கும் பாதுகாப்புதான் அவர் எழுதிய மருந்து.

இரண்டு பேரும் டாக்டர். இரண்டு பேருக்கும் நோயாளிகள் ஏழைகள். ஒருவர் நோயின் பெயர் இனம் என்றார். மற்றவர் சம்பளம், நிலம், வாடகை என்றார். நாம் விவாதிக்க வேண்டியது இந்த இரண்டு கண்டுபிடிப்புகளை. இரண்டு பேரில் யார் நல்ல மனுஷன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்த விவாதம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

இந்த இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அரசாங்க மருத்துவமனையின் நடைபாதை. அடுத்த முறை போகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவைக் கவனியுங்கள். சட்டையில் மருத்துவமனையின் பெயர் இருக்காது, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். 1996இல், மகாதீர் பிரதமராக இருந்தபோது, அரசாங்க மருத்துவமனைகளின் ஐந்து வேலைகளைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு, கட்டடப் பொறியியல் பராமரிப்பு, மருத்துவக் கருவிகளின் பராமரிப்பு. அமைச்சரவையில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

பிறகு குத்தகைக்குள் குத்தகை வந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பார்த்தால் தெரியாது. குத்தகை முடிந்து நிறுவனம் மாறும்போது அந்த அக்கா அதே வாளி, அதே துடைப்பத்தோடு அதே வார்டில்தான் நிற்பார். காகிதத்தில் மட்டும் அவர் இன்றைக்குச் சேர்ந்த புதுத் தொழிலாளி. 15 வருஷம் வேலை செய்திருந்தாலும் வருடாந்திர விடுமுறை முதல் வருஷக் கணக்கிலிருந்து தொடங்கும். சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்து நிற்கும். அனுபவத்துக்கு ஒரு காசு கிடையாது. தட்டிக்கேட்டால் அடுத்த குத்தகையில் பெயர் இருக்குமா என்று தெரியாது. பள்ளிக்கூடத் துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர் கதையும் இதேதான். இந்த வேலைகளில் எத்தனை தமிழ்ப் பெண்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் இருப்பார்கள்.

ஜெயக்குமாரும் அவர் கட்சியும் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பது இதைப் பற்றி. குத்தகை முறையை ஒழி, அரசாங்கமே நேரடியாக வேலைக்கு எடு என்கிறார்கள். 2020 ஜூனில் ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு வெளியே தொழிலாளர்களுக்காகப் பதாகை பிடித்து நின்ற ஐந்து பேரைப் போலீஸ் கைது செய்தது. கோவிட் நேரம். வீட்டுக்குள் இருந்துகொண்டு முன்களப் பணியாளர்களுக்குக் கைதட்டிய நேரம். எத்தனை தமிழ் எழுத்தாளர்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதினோம்?

'சரி, எம்பியாக இருந்து அவர் தொகுதிக்கு என்ன கொண்டுவந்தார்?' இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பதில் சுவாரஸ்யமானது. எதிர்க்கட்சி எம்பி என்பதால் தொகுதி மானியம் அவருக்குத் தரப்படவில்லை. பணம் வரிப்பணம், சுங்கை சிப்புட்காரர்களும் வரி கட்டுகிறவர்கள்தான். வேறு எம்பியாக இருந்தால் புலம்பிவிட்டு இருந்திருப்பார். இவர் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார். தோற்றார். ஆனால் அந்த வழக்கு கேட்ட கேள்வி இருக்கிறதே, மானியம் என்பது மக்களுடைய உரிமையா, ஆளுங்கட்சி போடும் பிச்சையா என்பது, அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் இன்றைக்கு ஆட்சியில் இருக்கிறார்கள். இன்றைய எதிர்க்கட்சிக்காரர்கள் மானியம் இல்லை என்று அதே பல்லவியைப் பாடுகிறார்கள்.

2011இல் இன்னொன்று நடந்தது. பெர்சே பேரணிக்கு முன்னால் இவர் கட்சிக்காரர்கள் சென்ற பேருந்தைப் பினாங்கில் நிறுத்திக் கைது செய்தார்கள். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள், கம்யூனிசத்துக்கு உயிர் கொடுக்கப் பார்த்தார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு. பிறகு ஜெயக்குமார் உட்பட ஆறு பேரை 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தில், விசாரணை இல்லாமல், ஜூலை முழுக்கப் பிடித்து வைத்திருந்து மாதக் கடைசியில் விட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர், வயது ஐம்பதுக்கு மேல், நெஞ்சுநோய் டாக்டர். இவர் போர் தொடுத்தாராம்!

சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறக்கக் காரணமான இடம் இதே சுங்கை சிப்புட்தான். அதன் பிறகு சங்கம், கூலி, நிலம் என்று தோட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும் 'கம்யூனிஸ்ட்' என்று ஒரு சொல் தயாராக இருந்தது. நம் தாத்தாக்கள் அந்தப் பயத்தில் வாழ்ந்தார்கள், அதைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சந்தாப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அதுவும் நிலம் பற்றிய யோசனைதான், அதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட் மக்களுக்கு நிலமும் கூலியும் புதுப் பேச்சு கிடையாது. நாம்தான் இடையில் எங்கேயோ அரிசி மூட்டைக்கு வந்து சேர்ந்தோம்.

இனி, எதிர்த் தரப்பின் வாதங்களில் பலமானதைப் பார்ப்போம். 2018இல் நாட்டுக்கே ஒரு வேலை இருந்தது, நஜிப்பை இறக்குவது. அந்த நேரத்தில் தனிச் சின்னத்தில் நின்று வாக்கைப் பிரிக்கலாமா? இதை நான் மதிக்கிறேன். அன்றைக்குச் சுங்கை சிப்புட்டில் நம்பிக்கைக் கூட்டணிக்குப் போட்டவர்கள் முட்டாள்களும் இல்லை, நன்றி கெட்டவர்களும் இல்லை. அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஆட்சி மாறியது. அலோர் ஸ்டார் டாக்டர் மறுபடி பிரதமரானார். சுங்கை சிப்புட் டாக்டர் வைப்புத்தொகையை இழந்தார்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு நாளைக்குப் போட்டது. நாம் அதை நிரந்தரமாக்கிவிட்டோம். அதற்குப் பிறகு என்ன ஆனது? 22 மாதத்தில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 2018லிருந்து 2022க்குள் நான்கு பேர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவமனை அக்காவின் குத்தகை முறை மட்டும் கவிழவில்லை. 2016 கடைசியிலிருந்து அதே நோய் மாடியேறி டாக்டர்களையும் பிடித்தது, புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நம் சமூகம் கொதித்துப் போனது. ஏனென்றால் இந்த முறை பாதிக்கப்பட்டது நம் வீட்டுப் பிள்ளை, கடன் வாங்கிப் படிக்க வைத்த டாக்டர் பிள்ளை. இருபது வருஷமாக அதே கட்டடத்தில் அதே ஒப்பந்தத்தில் தரை துடைத்தவரும் நம் வீட்டு ஆள்தான். அப்போது கொதிக்கவில்லை. டாக்டர் என்ற சொல்லுக்கு நாம் எவ்வளவு அடிமை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு வாதம்: 'நாம ஏழு விழுக்காடு. ஆட்சியில இருக்கறவனோட ஒட்டிக்கிட்டாத்தான் ஏதாவது கிடைக்கும்.' சுதந்திரத்திலிருந்து 2018 வரை ஒட்டிக்கொண்டுதானே இருந்தோம், இடைவெளியே இல்லாமல்? கிடைத்ததைக் கணக்குப் பார்க்கலாம். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தைவிட்டு வெளியேறியவர்களுக்கு வீடு கிடைத்ததா? பல இடங்களில் அதற்கும் போராட வேண்டியிருந்தது, போராடினவர்கள் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அந்த மக்களையே கேளுங்கள். 2013இல் 900 வெள்ளி என்று முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 2025இல் அது 1,700. அதனால் பயன்பெற்ற தமிழர்களின் எண்ணிக்கையை எந்த இந்திய மேம்பாட்டுத் திட்டமும் எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அது இந்தியர்களுக்கென்று வந்த திட்டம் இல்லை. வங்காளதேசத் தொழிலாளிக்கும், கிளந்தானிலிருந்து வந்த மலாய்த் தம்பிக்கும் சேர்த்து வந்தது. ஏழு விழுக்காடாக இருப்பவன் ஏழு விழுக்காட்டோடு மட்டும் சேர்ந்து நின்றால் ஏழுதான். சம்பளக்காரனாகச் சேர்ந்து நின்றால் கணக்கே வேறு. இதுதான் ஜெயக்குமார் சொல்லும் அரசியலின் சாரம். இது தப்பாகவும் இருக்கலாம். மலேசியாவில் இனத்தைத் தாண்டி வர்க்கமாக யாரும் வாக்களிக்க மாட்டார்கள் என்று ஒருவர் வாதாடலாம், நல்ல ஆதாரத்தோடேயே வாதாடலாம். அந்த வாதம்தான் எனக்கு வேண்டும்.

இலக்கிய இதழில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றும். நம் புனைவில் தோட்டம் நிறைய இருக்கிறது. லயம், பால் வாளி, கிராணி, சாராயம், டிரஸ்ஸர் கொடுக்கும் கசப்பு மருந்து, கடைசியில் ஒரு மரணம். அழுகை வரும்படி எழுதத் தெரிந்துவிட்டது நமக்கு. தோட்டத்தை இழந்த பாட்டிக்காக உருகுகிறோம். அந்தப் பாட்டியின் பேத்தி இப்போது மருத்துவமனையில் குத்தகைக்குத் துடைக்கிறாள், அவள் நம் கதைக்குள் வருவதில்லை, ஏனென்றால் அவளிடம் ஏக்கம் இல்லை, சம்பளச் சீட்டு இருக்கிறது. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாத யதார்த்த இலக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெயக்குமாரை நாம் வாசித்த விதமும் அதேதான். அவருடைய எளிமை, வருஷா வருஷம் வெளியிட்ட சொத்துக் கணக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார், இத்தனை வருஷமாகக் கட்டுரை எழுதுகிறார். அவற்றைத் தமிழில் வைத்து ஒரு கூட்டமாவது விவாதித்திருக்கிறோமா? எனக்குத் தெரிந்து என் வயதுக்காரர்கள் நடத்தும் எந்தக் குழுவிலும் இல்லை.

அவர் கட்சிக்கும் ஒரு வார்த்தை. மக்கள் 'நல்ல மனுஷன்' என்று தட்டிக்கொடுக்கும்போது அதை அவர்களும் பல சமயம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். துண்டறிக்கையில், மேடையில், சேவை முதலில் வருகிறது, சோசலிசம் பின்வரிசையில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறது. சேவைக்காக நன்றி சொல்லும் மக்கள் வாக்கை வேறு இடத்தில் போடுவார்கள், அதில் முரண்பாடே இல்லை. கிளினிக்கில் மருந்து வாங்கியவர் டாக்டருக்கு நன்றி சொல்வார், வாக்குக் கடன்பட்டதாக நினைக்க மாட்டார்.

ஆகவே நண்பர்களே, ஜெயக்குமாருக்கு அடுத்த பொன்னாடையை யாராவது எடுத்து வந்தால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள், மாலை வேண்டாம். மருத்துவமனையைக் குத்தகையிலிருந்து மீட்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். வர்க்கம் பேசும் கட்சியால் மலாய்க் கிராமத்தில் ஏன் ஓர் இடமும் ஜெயிக்க முடியவில்லை என்று கேளுங்கள். சண்டை போடுங்கள். அதே கூட்டத்துக்கு மருத்துவமனையில் வேலை செய்யும் அக்கா ஒருவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.